ஜூலியட்டின் மைக்

மாலை ஆறு மணி இருக்கும். ஐப்பசி மழை பகலெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு அப்போதுதான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. குடவாசலுக்குத் தெற்கே வாய்க்கால் கரையோடு ஒரு சாலை போகிறது. ஒரு பக்கம் கரை தளும்ப ஓடும் தண்ணீர், மறுபக்கம் புதிதாக நட்ட சம்பா. ஆள் இல்லை... விளக்கு இல்லை... தவளைச் சத்தம் மட்டும்தான். அந்தச் சாலையில் ஒரு குட்டியானை வண்டி போய்க்கொண்டிருந்தது. பின்னால் படுதா போட்டுக் கட்டிய ஸ்பீக்கர் பெட்டிகள். முன்னால் புருசனும் பெண்டாட்டியும்.

சாமிதுரை இப்படித்தான் ஆரம்பித்தார். மாசிப் பனி இறங்கிக்கொண்டிருந்த ராத்திரி. கொள்முதல் நிலையத்து வாசலில் ஊரார் நெல்லெல்லாம் குவிந்து கிடந்தது. ஈரப்பதம் கூடுதல் என்று திருப்பி விட்டுவிட்டதால் காவலுக்குப் படுத்தவர்கள் எல்லாரும் ஒரே குவியலை ஒட்டி, சாக்கைப் போர்த்திக்கொண்டு நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். சாமிதுரைக்கு ஒரு குணம் உண்டு. கேட்கிறவன் 'ம்' கொட்டாவிட்டால் கதையை அப்படியே நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

"யாருக்கு நடந்துச்சுண்ணே?" என்றான் அறிவுச்செல்வன். பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவன். பேயென்றால் சிரிப்பான். சிரித்துவிட்டு வெளிச்சத்துப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வான்.

"என் சினேகிதன் பெரியநாயகசாமி இருக்கான்ல... அவன் கூடப் பொறந்த தம்பிக்கு. ரெமிஜியஸ். மைக் செட்டு வச்சிருக்கான். வண்டி ஓட்டுனது அவன்தான். பக்கத்துல அவன் பொண்டாட்டி அக்னஸ். நம்ம ஜூலியட்டோட தங்கச்சி."

ஜூலியட் என்ற பேரைக் கேட்டதும் எல்லாரும் ஒருதரம் 'ச்சு' கொட்டினார்கள். அவளைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? மாதா கோவில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்த பெண். கெட்டும் பட்டணம் சேர் என்று அப்பாவே ரயிலேற்றி விட்டார். சென்னையில் பெரிய ஓட்டல்களில் ஜாஸ் பாடினாள். சாப்பிட வந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்களாம். பிறகு பாப் பாட்டு கேசட்டுகள் வந்தன, பேர் வந்தது. அதற்கப்புறமும் மாரியம்மன் கோவில் தீமிதி, தர்கா கந்தூரி, தேர்பவனி என்று எங்கே கூப்பிட்டாலும் வந்து பாடினாள். பாட்டு போய்க்கொண்டே இருக்கும். நடுவில் வார்த்தையை விட்டுவிடுவாள். 'பாப்பரிபா... தூபிதூ...' என்று வெறும் குரலிலேயே ஏறுவாள், வழுக்குவாள், சட்டென்று நிற்பாள். அது ஜாஸில் ஒரு வழக்கம். இங்கே கிழவர்கள் அதற்கு 'ஜூலியட் ஒளறல்' என்று பேர் வைத்தார்கள். ஆனால் அந்த ஒளறல் வராமல் ஒரு கிழவரும் பாயைச் சுருட்ட மாட்டார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கட்டைவிரல் மோதிரத்தால் மைக்கைத் தட்டுவாள். டிக்... டிக்... அந்தச் சத்தத்துக்கே விசில் பறக்கும்.

அவள் தொண்டையில்தான் வியாதி வந்தது. கடவுளுக்குக்கூட எங்கே கை வைப்பது என்று தெரியாமல் போய்விட்டது.

கடைசி ஒரு வருசம் அவளுக்குக் குரல் இல்லை. வெறும் கரகரப்பு. ஆனால் ஒப்புக்கொண்ட கச்சேரிகள் இருந்தன. குழுவில் பத்துப் பேர் வயிறு இருந்தது. அப்போதுதான் அந்த ஏற்பாடு செய்தார்கள். ரெமிஜியஸிடம் ஒயர் இல்லாத மைக் ஜோடி ஒன்று இருந்தது. மைக் இரண்டு, ரிசீவர் பெட்டி ஒன்று. பெட்டியில் இரண்டு பச்சை விளக்கு. மேடையில் ஜூலியட் ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயசைப்பாள். பின்னால் கறுப்புத் துணிக்கு அந்தப் பக்கம், கொசுக்கடியில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு மைக்கில் அக்னஸ் பாடுவாள். ரெமிஜியஸ் மிக்சரில் தங்கையின் மைக்கை ஏற்றி, அக்காவின் மைக்கை இறக்கி வைப்பான். இரண்டு குரலுக்கும் ஒரே சாயல். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அந்த ஒரு வருசம் வாய் ஒருத்தியுடையது, குரல் ஒருத்தியுடையது. கைதட்டல் மட்டும் வாய்க்குப் போனது.

மன்னார்குடியில் கடைசிக் கச்சேரி. மேடை ஏறுமுன் ஜூலியட் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி... இன்னிக்கு ஒரே ஒரு பாட்டு. என் மைக்கத் தொறந்து விடுங்க. கரகரன்னு வந்தாலும் பரவால்ல. நான் பாடணும்."

தங்கை புருசனை அவள் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அவன் சரியென்று தலையாட்டினான். ஆட்டினானே தவிரத் திறக்கவில்லை. அவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் அந்தக் குரலை எப்படி விடுவது? அவள் மேடையில் நிஜமாகவே பாடினாள். கழுத்து நரம்பு புடைக்கப் பாடினாள். வெளியே கேட்டது அக்னஸ் குரல். இறங்கி வந்ததும் அவனைப் பார்த்து, "தொறக்கலையே தம்பி" என்றாள். அவ்வளவுதான். ஈஸ்டர் முடிந்த வாரம் செத்துப் போனாள்.

சவப்பெட்டியில் செபமாலையோடு இறந்தவருக்குப் பிரியமான ஒரு பொருளையும் வைப்பது அவர்கள் குடும்ப வழக்கம். அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடி வைத்தார்கள். ஜூலியட்டுக்கு என்ன வைப்பது என்று யோசிக்கவே வேண்டாம். மோதிரம் போட்ட அந்தக் கையில் ரெமிஜியஸ் அவளுடைய மைக்கை வைத்தான். வைப்பதற்கு முன்னால், மைக் செட்டுக்காரன் பழக்கம், உள்ளே இருந்த இரண்டு பேட்டரி செல்லையும் கழற்றிக்கொண்டான். கழற்றாமல் விட்டால் செல் கசிந்து மைக் கெட்டுப்போகும். மண்ணுக்குள் போகிற மைக் கெட்டால் என்ன, கெடாவிட்டால் என்ன? கை யோசிக்கவில்லை. அந்தச் செல்லில் ஒன்று டிவி ரிமோட்டுக்குப் போனது. ஒன்று வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு.

"இத ஞாபகம் வச்சுக்கங்க" என்றார் சாமிதுரை. "செல்லு கடியாரத்துல இருக்கு."

"ம்" என்றார்கள்.

இப்போது வண்டிக்கு வருவோம். அன்றைக்குக் கல்லறைத் திருநாள். பூசை முடித்து, கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, ஊர் இளைஞர்கள் ஜூலியட் நினைவாக ஒரு கச்சேரி வைத்திருந்தார்கள். பங்குச் சாமியார் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு, ஒரு மணி நேரம்தான், குத்துப்பாட்டு கூடாது என்று விட்டுவிட்டார். வரவேற்புத் தட்டியில் பெரிதாக ஜூலியட் படம். கீழே, 'பாடுபவர்: அக்னஸ்'. அந்த எழுத்தை, இளைஞர்கள் போனில் அனுப்பியிருந்த படத்தில், அக்னஸ் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள். கடுகு நிறத்தில் புதுச் சேலை கட்டியிருந்தாள்.

"என்னங்க... இன்னிக்கு அக்கா மாதிரி பாடப் போறதில்ல. என் மாதிரி பாடப் போறேன்."

"பாடேன்."

"சனங்களுக்குப் புடிக்குமா?"

"புடிக்கும்."

கொஞ்ச தூரம் போனதும் சிரித்துக்கொண்டே சொன்னாள். "என் மைக்க மட்டும் மூடிடாதீங்க. ஒரு வருசம் துணிக்குப் பின்னால ஒக்காந்தவ நான்."

"ச்சே. மூடுவனா?" என்றான் ரெமிஜியஸ்.

மேடை மாதா கோவில் மைதானத்தில். மேடைக்குப் பின்னால் மதில் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஜூலியட்டைப் புதைத்த கல்லறைத் தோட்டம். மெழுகுவத்தி வெளிச்சம் சுவருக்கு மேலே மஞ்சளாகத் தெரிந்தது. ஈர மண், சாமந்தி, உருகிய மெழுகு... எல்லாம் கலந்த ஒரு வாசனை. ரெமிஜியஸ் மைதானத்தின் ஓரத்தில் மிக்சரைப் போட்டு, ஒயர் இழுத்து, ரிசீவர் பெட்டியை ஆன் செய்தான். அக்னஸ் கையிலிருந்த மைக்குக்கு முதல் விளக்கு எரிந்தது. பச்சை.

பக்கத்திலேயே இரண்டாவது விளக்கும் எரிந்தது.

அந்த விளக்கு எரிந்தால் அதன் ஜோடி மைக் எங்கேயோ பக்கத்தில் ஆன் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். பெட்டியைத் தட்டிப் பார்த்தான். அணைத்துப் போட்டுப் பார்த்தான். இரண்டும் எரிந்தன. மழை ஈரம் உள்ளே இறங்கியிருக்கும், வேறென்ன? செல்லே இல்லாத மைக் எப்படி வேலை செய்யும்? இரண்டாவது வால்யூமை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்துவிட்டுக் கச்சேரியைப் பார்த்தான்.

அக்னஸ் இரண்டு பாட்டுப் பாடினாள். நன்றாகவே பாடினாள். அக்கா ஏறுகிற இடத்தில் இவள் ஏறவில்லை, அடங்கி, ஒரு மாதிரி நேராகப் பாடினாள். ஆனால் கூட்டம் வந்தது அதற்கில்லையே. கைதட்டல் தூறல் போல விழுந்து நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒருவன், "ஜூலியட் ஒளறல் போடும்மா" என்று கத்தினான். அக்னஸ் சிரிக்கப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது தூரத்திலிருந்தே தெரிந்தது. மூன்றாவது பாட்டை ஆரம்பித்தாள்.

ரெமிஜியஸுக்குப் பொறுக்கவில்லை. அந்த இரண்டாவது விளக்கு வேறு கண்ணைக் குத்திக்கொண்டே இருந்தது. மூடி வைத்த மைக்கையும் ஹெட்போனில் தனியாகக் கேட்கலாம். மாட்டிக்கொண்டு அந்தப் பொத்தானை அமுக்கினான்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு... சொட்டு. தண்ணீர் சொட்டுகிற சத்தம். பலகையில் விழுவது போல. பிறகு அடைத்த இடத்தில் காற்று இழுபடும் சத்தம். யாரோ மூச்சு விடுகிறார்கள். மெதுவாக... நிதானமாக... பாடுகிறவர்கள் பாட்டுக்கு முன்னால் இழுப்பார்களே, அந்த மூச்சு.

டிக்... டிக்...

"தம்பி... தொறங்க."

கரகரப்பு இல்லை. வியாதிக்கு முன்னால் இருந்த குரல்.

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று வந்தது. இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்த கல். ஒரே ஒரு பாட்டு கேட்டாளே, அதைக்கூடக் கொடுக்கவில்லையே. அழுதுகொண்டே கையை வைத்தான். இரண்டாவது வால்யூமை ஏற்றினான்.

அவன் கைக்கு ஒரு வருசப் பழக்கம். ஒன்றை ஏற்றினால் மற்றதை இறக்கும். இரண்டு குரல் மோதக் கூடாதே. வலது கை ஏற்றியது... இடது கை தானாக அக்னஸின் மைக்கை இறக்கியது.

மைதானம் முழுக்க ஜூலியட் குரல். பாதிப் பாட்டில் பிடித்துக்கொண்டு அப்படியே மேலே போனது. சனங்கள் எழுந்து நின்றார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பங்குச் சாமியார் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். "அக்காவேதான்யா... அப்படியே அக்காவேதான்..." என்று யாரோ விம்மினார்கள்.

மேடையில் அக்னஸ் வாயை மூடியிருந்தாள். குரல் போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்தாள். கையிலிருந்த மைக்கைப் பார்த்தாள். பிறகு நேராக ரெமிஜியஸைப் பார்த்தாள். அவன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஏதோ கத்தினாள். கேட்கவில்லை. அவள் மைக் மூடியிருந்தது. கூட்டத்துக்கு அவள் வாயசைவுதான் தெரிந்தது. பாடுகிறாள் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அந்த ஒளறல் வந்தது. பாப்பரிபா... தூபிதூ... ஏறி, வழுக்கி, வந்து நின்றது. நின்றபோது அக்னஸின் முகம் அமைதியாகிவிட்டது. பயமெல்லாம் துடைத்து எடுத்தாற்போல். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள். கட்டைவிரலால் தட்டினாள்.

டிக்... டிக்...

அக்னஸ் கட்டைவிரலில் மோதிரம் போடுகிறவள் இல்லை.

ரெமிஜியஸ் பதறிப்போய் இரண்டாவது வால்யூமை இறக்கினான், முதலாவதை ஏற்றினான். ஒன்றும் மாறவில்லை. அதே குரல். இப்போது அக்னஸ் கையிலிருந்த மைக்கிலிருந்தே, உதடு பொருந்த, வந்துகொண்டிருந்தது. இரண்டாவது விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தது. ஹெட்போனை எடுத்து மாட்ட அவனுக்குத் தைரியம் வரவில்லை.

சாமிதுரை நிறுத்தினார். எங்கேயோ நாய் குரைத்தது. யாரும் 'ம்' கொட்டவில்லை. ஆனாலும் அவர் தூங்கப் போகவில்லை.

கச்சேரி முடிந்து இருவரும் அதே சாலையில்தான் திரும்பினார்கள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வண்டியில் அவள் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தபடி வந்தாள். அவளிடமிருந்து சாமந்தி வாசனை அடித்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக ஓட்டினான். வாய்க்கால் வளைவில் டயர் வழுக்கியது. அவள் சாவகாசமாகத் திரும்பினாள்.

"மெதுவா போங்க தம்பி" என்றாள்.

வீட்டுக்கு வந்து அவள் படுத்ததும், ரெமிஜியஸ் ரிசீவர் பெட்டியை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தான். கல்லறை எங்கேயோ இருக்கிறது. அந்த மைக்கெல்லாம் ஒரு மைதான தூரம்தான் எட்டும். பிளக்கைச் சொருகினான். இரண்டாவது விளக்கு எரிந்தது. ஹெட்போனை மாட்டினான்.

சொட்டு... சொட்டு... மூச்சு. இது வேறு மூச்சு. நிதானமே இல்லை. பலகையை நகத்தால் பிறாண்டுகிற சத்தம். பிறகு, தொண்டை கட்டிப்போன ஒரு குரல்.

"என்னங்க... என்னங்க... என் மைக்கத் தொறங்க..."

"கல்லறையத் தோண்டிட வேண்டியதுதானேண்ணே?" என்றான் அறிவுச்செல்வன்.

"தோண்டுனா என்னடா இருக்கும்? அக்கா எலும்பு இருக்கும். அக்னஸ் ஒடம்புதான் வீட்ல சோறு ஆக்கிக்கிட்டுத் திரியுதே. அவ போய்ச் சேர்ந்த எடத்துக்கு எந்தக் கடப்பாரையால தோண்டுவ?"

ரெமிஜியஸ் வால்யூமை ஏற்றிப் பார்த்தான். ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. அக்னஸ் உடம்பில் இருப்பவளை மேடையில் நிற்க வைத்து, அதே பாட்டுக்கு, ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கியும் பார்த்துவிட்டான். ஹெட்போனில் மட்டும் அந்தக் குரல். ராத்திரி பகல் கூப்பிட்டது. அவனும் சும்மா இருக்க முடியாமல் அந்தப் பெட்டியிடம் பேசுவான். அவளுக்குக் கேட்காது.

மார்கழியில் ஒருநாள் விளக்கு மினுங்கத் தொடங்கியது. மைக்கில் செல் தீரப்போகிறதென்றால்தான் அப்படி மினுங்கும். நிமிர்ந்து பார்த்தான். சுவர்க் கடிகாரத்தில் நொடிமுள் ஏற முடியாமல் ஒரே இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது. அது துடிக்கும்போதெல்லாம் இது மினுங்கியது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, ஏப்ரலில் அந்த மைக்கிலிருந்து கழற்றிய செல் எங்கே இருக்கிறதென்று. ஓடிப்போய்ப் புதுச் செல் வாங்கி வந்தான். பழையதைக் கழற்றினான்.

"என்னங்..."

பாதியில் அறுந்தது. விளக்கு அணைந்துவிட்டது. புதுச் செல்லைப் போட்டான். கடிகாரம் ஓடியது, விளக்கு வரவில்லை. பழைய செல்லையே திரும்பப் போட்டான். ரொம்ப நேரம் கழித்து விளக்கு வந்தது. அவள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அவன் அதைத் தொடவில்லை.

போன வாரம் பெரியநாயகசாமி தம்பியைப் பார்க்கப் போயிருந்தார். வீடு செழிப்பாக இருந்ததாம். நாகப்பட்டினம் வரைக்கும் கச்சேரி. அக்காவின் குரல் தங்கைக்கு வந்துவிட்டது, மாதா செய்த புதுமை என்று ஊரே சொல்கிறது. ரெமிஜியஸ் பாதி ஆளாகிவிட்டான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடிகாரம் ஐந்து மணி நேரம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. நொடிமுள் ஒரு துடிப்புத் துடிக்கும்... நிற்கும்... நின்றேவிட்டது என்று நினைக்கும்போது இன்னொன்று துடிக்கும். அவர் என்ன கேட்டும் அவன் கண்ணை எடுக்கவில்லை.

அடுப்படியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. நின்றது. டம்ளர் விளிம்பில் மோதிரம் படுகிற சத்தம்... டிக்... டிக்... அக்னஸ் காபியோடு வந்தாள். வெறும் விரல். பெரியநாயகசாமிக்கு ஒரு டம்ளர், புருசனுக்கு ஒரு டம்ளர் வைத்தாள். சுவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அன்பாகத்தான் சொன்னாள்.

"ஓடாத கடியாரத்த எதுக்குத் தம்பி மாட்டி வச்சிருக்கீங்க? செல்லக் கழட்டிப் போட்டுடவா?"